நன்னூற் பாயிரமும் எழுத்துக்குத் தடுமாறும் மாணாக்கரும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தை அறியாத தமிழாசிரியர் இந்நாட்டில் இரார். பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் என்னும் பாடம் தொடங்கும் முன்பே, மாணாக்கர் மூவகைப்படுவர் என்பதை நாம் மனப்பாடம் செய்தாயிற்று. நீரை விடுத்துப் பாலைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமை. உழவனின் முயற்சிக்கு ஏற்ப விளையும் மண்ணும், சொன்னதைச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. பெய்த நீரை ஒழுகவிடும் இல்லிக்குடம், செடிக்குச் செடி ஓடி நுனி மேயும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யைப் போக்கி அழுக்கைப் பற்றும் நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கருக்கு. நெய்யரியாவது பன்னாடை. அச்சொல் இன்று வசையாக வழங்குவதற்கு ஆசிரியர் அறைகளும் தம்மால் இயன்ற தொண்டைச் செய்திருக்கின்றன.

பவணந்தி முனிவர் இந்நூலைச் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள 13ஆம் நூற்றாண்டில் இயற்றினார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் இந்த எட்டு உவமைகளும் நம் வகுப்பறையில் உயிரோடு உலவுகின்றன. இக்கட்டுரை அவற்றைக் குறைகூறுவதற்காக எழுந்ததன்று. போற்றி வணங்கிவிட்டுப் போவதற்காகவும் எழுந்ததன்று. நல்லறிவு வாய்ந்திருந்தும், கல்லூரி வாயில் வரை ஏறி வந்திருந்தும், அச்சிட்ட பக்கத்தைக் கண்டவுடன் தடுமாறும் மாணாக்கர் சிலர் உள்ளனர். அவர்களைப் பாயிரம் எவ்வரிசையில் வைக்கிறது? நாம் எவ்வரிசையில் வைக்கிறோம்? இவ்விரண்டும் ஒன்றுதானா? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் அம்மாணாக்கர் யாவர் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். 1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவுக்கூர்மை உள்ளவன், விளையாட்டில் எவருக்கும் இளையாதவன், கணக்கில் வல்லவன். ஏழு வயது முதல் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து முன்பின்னாக எழுதினான். அவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் கூறியதையும் மருத்துவர் குறித்துள்ளார். கல்வி முழுதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்பது அவ்வாசிரியரின் கருத்து. மருத்துவர் இக்குறைக்குப் பிறவிச் சொற்குருடு என்று பெயரிட்டார். இன்று நாம் டிஸ்லெக்சியா என்பது அதனையே. சொற்குருடு என்னும் பெயர் பொருந்தாது என்பது பின்னர்த் தெரிந்தது. பேச்சொலியைக் கூறுபடுத்தி எழுத்தோடு இணைக்கும் மூளைச் செயலில்தான் தடை பெரும்பாலும் இருக்கிறது, கண்ணில் அன்று. கைகொண்டு எழுதுவதில் வரும் இடர், எண்ணில் வரும் இடர் என இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. இவற்றையெல்லாம் ஒருசேரக் குறிக்கும் கற்றல் குறைபாடு என்னும் பெயர் 1963இல் அமெரிக்க அறிஞர் சாமுவேல் கிர்க்கால் பரவலாயிற்று.

நம் நாட்டுச் சமூக நல இலாகாவின் பதிவில் கற்றல் குறைபாடு என்பது ஒரே பிரிவு. டவுன் நோய்க்குறி உடையவரும், தற்புனைவு ஆழ்வுடையவரும், டிஸ்லெக்சியா உடையவரும் அந்த ஒரு கூரையின்கீழ் வருகின்றனர். நிருவாகத்திற்கு அது வசதி. ஆனால் மகன் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று கனவு காணும் தோட்டத்துத் தாய் ஒருத்தி அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதற்கும் அதுவே காரணம். பெயர் ஒன்றாயிருப்பதால் உதவியும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று நினைக்கும் கல்லூரிகளும் உண்டு. அது மற்றொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

இனிப் பாயிரத்திற்கு வருவோம். எட்டு உவமைகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அன்னம் எதைக் கொண்டது, ஆ எவ்வாறு அசைபோட்டது, குடம் எவ்வளவு ஒழுகவிட்டது, நெய்யரி எதைப் பிடித்து எதை விட்டது என்று கொண்டதன் அளவும் தரமுமே அங்கே பேசப்படுகின்றன. பொருள் மாணாக்கனுக்குள் எவ்வழியாகப் புகுந்தது என்னும் வினா எட்டில் ஒன்றிலும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் பவணந்தியார் காலத்தில் வழி ஒன்றே, அது செவி. பாடம் கேட்டல் என்றுதான் அவர் அதற்குப் பெயர் சொல்கிறார். பாடம் படித்தல் என்று சொல்லவில்லை. ஓலை இருந்தது, ஆயினும் அது நினைவுக்குத் துணையேயன்றிக் கல்விக்கு வாயில் அன்று. ஆசிரியர் சொல்ல, மாணாக்கன் செவி வாயாகவும் நெஞ்சு கொள்கலமாகவும் கொண்டு கேட்டான். ஆகவே இல்லிக்குடம் என்று அவர் ஒருவனை வைதால், காதில் நன்றாக விழுந்தும் உள்ளத்தில் நில்லாதவனையே வைதார் என்று கொள்ளவேண்டும்.

பிற்காலத்தில் அச்சு வந்தது, பாடநூல் வந்தது, மூன்று மணி நேரத் தேர்வு வந்தது. கல்வியின் வாயில் செவியிலிருந்து கண்ணுக்கு மாறிற்று. வாயிலை மாற்றிய நாம் வரிசையை மாற்றவில்லை. புது வாயிலில் இடறி நின்றவனுக்குப் பழைய பட்டத்தைச் சூட்டிவிட்டோம். டிஸ்லெக்சியா உடையவன் இல்லிக்குடம் அல்லன். அவனுக்கு உவமை சொல்வதானால் வாய் குறுகிய குடம் என்னலாம். அகன்ற தோண்டியால் விரைந்து ஊற்றினால் பெரும்பகுதி வெளியே சிந்தும். பார்ப்பவர் குடம் ஓட்டை என்பர். புனல் வைத்து ஊற்றினால் நிறையும், நிறைந்தது ஒழுகாது. இந்த ஒன்பதாம் உவமைக்கு நன்னூலில் இடமில்லாமற் போனது நூலாசிரியர் குற்றமன்று. இடமில்லை என்று அறிந்தும் எட்டுக்குள் ஒன்றில் அவனைத் திணிப்பது நம் குற்றம்.

என்னிடம் பயின்ற ஒருவனை நினைத்துக்கொள்கிறேன். ரப்பர் அழிந்து செம்பனை வந்துவிட்ட தோட்டம் எங்களுடையது. அவன் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியில் பரிசு பெற்றவன். அக்குறள்களை அவனுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லித் தந்தவள் அவன் அக்காள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கொம்பு எது, கால் எது என்று விரல் வைத்துத் தேடுவான். இடைநிலைப் பள்ளியில் நல்ல ஆசிரியை ஒருவர் கண்டுகொண்டதால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் பெற்றுத் தேறினான். பின்னர் ஓர் உயர்கல்விக்கூடத்தில் இடமும் கிடைத்தது. அங்கே விரிவுரையைக் கைப்பேசியில் பதிவு செய்யலாகாது என்றார்கள். பாடக்குறிப்பை முன்கூட்டித் தரும் வழக்கமும் இல்லை என்றார்கள். கூடுதல் நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், இது கல்லூரி என்றும் சொன்னார்கள். இரண்டாம் பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டான். அவன் கேட்டவற்றுள் ஒன்றேனும் பவணந்தியாருக்குப் புதுமையாகத் தோன்றியிருக்குமா என்பதே என் ஐயம்.

இவ்வளவு கூறியதனால் பாயிரத்தை முழுதும் குற்றமற்றதாக்கிவிட்டேன் என்று அன்பர்கள் கருதவேண்டா. மாணாக்கராகத் தகாதவர் யாவர் என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார். கள்ளுண்டு களிப்பவன், சோம்பன், தருக்கன், கள்வன், நோயாளி, சினத்தவன், உறங்குபவன், பாவி, பொய்யன் என்று செல்லும் அவ்வரிசையின் நடுவே மந்தன் என்று ஒருவனும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சி உள்ளம் தடுமாறுபவன் என்று ஒருவனும் நிற்கின்றனர். இவர்களுக்கு நூல் சொல்லார் என்பது விதி. இங்கே எனக்கு நன்னூலாரோடு உடன்பாடில்லை. களவும் பொய்யும் ஒருவன் செய்யும் செயல்கள். மந்தமும் அச்சமும் அவன் செய்தவை அல்ல, அவனுக்கு நேர்ந்தவை. நூலுக்கு அஞ்சுபவன் ஏன் அஞ்சுகிறான்? வகுப்பில் எழுந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லப் பலமுறை நாணமுற்றவன் அஞ்சாமல் என் செய்வான்? நோய்க்கு அறிகுறியானதைத் தகுதியின்மைக்குச் சான்றாக்கும் இவ்விடத்தில் பாயிரம் தராசைக் கோணப் பிடித்துவிட்டது. உரைநூல்களோடு பாடம் சொல்வோர் இச்சூத்திரத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நின்று மறுக்கவேண்டிய இடம் இது என்பது என் துணிபு.

அப்பட்டியலில் வரும் உறங்குபவனைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அவன் அண்மைக் காலத்தில் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்று வந்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயர்பொறுப்பில் இருந்த ஜான் வெஸ்ட்லிங் என்பவர், கற்றல் குறைபாடு உடைய மாணாக்கருக்குத் தரும் சலுகைகள் கல்வியைக் கெடுக்கின்றன என்று 1995இல் சொற்பொழிவாற்றினார். அதற்குச் சான்றாக சமந்தா என்னும் மாணவியைக் காட்டினார். அவள் கூடுதல் நேரம் கேட்டாளாம். முன்வரிசை இருக்கை கேட்டாளாம். வகுப்பில் தான் உறங்கிவிட நேர்ந்தால் தவறிய பகுதியைப் பின்னர்ச் சொல்லித் தரவும் கேட்டாளாம். மாணாக்கர் வழக்குத் தொடுத்தனர். விசாரணையில், அப்படி ஒரு மாணவி இல்லை, அவள் தம் கற்பனை என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1997இல் வந்த தீர்ப்பு பெரிதும் மாணாக்கர் பக்கமே சாய்ந்தது. இல்லாத ஒருத்தியை உறங்கவைத்து, இருந்த பலரைப் படிக்கவிடாமல் தடுத்தார் அவர். எண்ணூறு ஆண்டு இடைவெளியும் கடல் பல கடந்த தொலைவும் இருந்தும், இடர்ப்படுபவனைச் சோம்பன் பக்கத்தில் உட்கார வைக்கும் மனப்போக்கு மட்டும் மாறவேயில்லை.

நன்னூலார் நோயைக் கூறிய அதே பாயிரத்தில் மருந்தையும் வைத்திருக்கிறார் என்பதுதான் வியப்பு. பாடம் சொல்லும் முறை இன்னதென்று அவர் விதிக்கும் சூத்திரத்தை நாம் தேர்வுக்குப் படித்தோம், படித்து மறந்தோம். காலமும் இடமும் நோக்கி, சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியோடு, கொள்பவன் எவ்வகையில் கொள்வானோ அவ்வகையை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு, கோணாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறார். இதில் கொள்பவனின் வகையை அறிதல் என்னும் ஒரு தொடருக்கு ஈடாக இக்காலச் சிறப்புக் கல்வி நூல்கள் பல அதிகாரங்கள் எழுதுகின்றன. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத் திறனாளிகள் சட்டத்திலும், கல்வியைப் பற்றிய பிரிவில், கற்பிக்கும் முறையையும் கருவிகளையும் அவர்களுக்கு ஏற்ப அமைக்கவேண்டும் என்னும் கருத்தே உள்ளது. அச்சட்டம் அரசாங்கக் கூடங்களோடு தனியார் கூடங்களையும் சேர்த்தே பேசுகிறது. விரையாமை என்பதைக் கூடுதல் நேரம் என்று சட்ட மொழியில் பெயர்த்தால், சலுகை என்று முகம் சுளிக்கிறோம். சூத்திர மொழியில் கேட்டால் தலையசைக்கிறோம்.

பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடம் இன்னும் சுவையுடையது. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை பெரிதும் இராது. மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைப்பான் என்கிறார். விரிவுரையைப் பதிவு செய்து மறுபடி கேட்க விரும்பும் மாணாக்கன் இதைத்தானே வேண்டுகிறான்? அந்நாளில் ஆசிரியரே மும்முறை சொன்னார். இந்நாளில் அவருக்கு ஓய்வில்லை, கருவி சொல்கிறது. மேலும் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுதும் கொண்டாலும் புலமையில் காற்பங்குதான் ஆகும். உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு காற்பங்கு. தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய இரு காற்பங்கு. புலமையின் பாதியைப் பேச்சில் வைத்தவர் நன்னூலார். நம் கல்லூரித் தேர்விலோ பேச்சுக்கு உரிய பங்கு மிகச் சிறிது. எழுத்தில் இடறுபவன் தன் அறிவைக் காட்டுவதற்கு நன்னூலார் திறந்து வைத்த பெருவாயிலை நாம் ஏறக்குறைய மூடிவிட்டோம். வாய்மொழித் தேர்வு ஒன்றை விருப்பப் பகுதியாக வைப்பதற்குப் புதிய கல்விக் கொள்கை எதுவும் வேண்டியதில்லை.

செவிவழிக் கல்வி இரண்டாந்தரம் என்பார்க்கு நம் இலக்கிய வரலாறே விடை சொல்லும். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று தனி அதிகாரமே உண்டு. கல்லாதவனாயினும் கேட்டால் தளர்ந்த காலத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது அங்குள்ள கருத்து. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்பார்வை இல்லாதவர்; அவர் ஏடு பார்த்துப் புலவரானவர் அல்லர். இவ்வெடுத்துக்காட்டைக் கேட்டு, அவர் கண் தெரியாதவர், இவனுக்குக் கண் தெரிகிறதே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தெரியும் குறைக்கு இரங்குவதும் தெரியாத குறைக்கு ஐயுறுவதும் மனித இயல்பு போலும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை எடுத்துக்கொள்வோம். 1815 முதல் 1876 வரை வாழ்ந்த அப்பெருமான் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார். அருகிலிருக்கும் மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். உ. வே. சாமிநாதையரும் அவ்வாறு எழுதியவர். பிள்ளையவர்கள் தம் கையால் எழுதவில்லை, ஆகவே அப்புராணங்கள் அவருடையவை அல்ல என்று எவரும் வழக்காடியதில்லை. கையெழுத்தில் இடருள்ள மாணாக்கன் ஒருவன் விடையைச் சொல்ல, மற்றொருவர் எழுதுவதற்கு ஒப்புதல் கேட்டால்தான் நமக்கு நேர்மை நினைவுக்கு வருகிறது.

கண்வழிக் கல்விக்கும் நாம் தலைமுறைதோறும் துணைக்கருவி செய்துகொண்டே வந்திருக்கிறோம் என்பதையும் மறக்கலாகாது. ஓலைச் சுவடியில் புள்ளி பெரும்பாலும் இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. அச்சுக்கு வந்தபோது இவையெல்லாம் சேர்ந்தன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். 1978இல் தமிழ்நாட்டரசு ணை, லை, னை, றா போன்ற எழுத்துகளின் வடிவைச் சீராக்கியது. இவை யாவும் கண்ணுக்குச் செய்த உதவிகள். இவற்றால் தமிழ் தரம் தாழ்ந்துவிட்டது என்று இன்று எவரும் சொல்லார்.

எனினும் தமிழெழுத்தில் இம்மாணாக்கனைத் தடுக்கும் கற்கள் இன்னும் உள. கொ என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒலியில் மெய் முன்னும் உயிர் பின்னும் வர, எழுத்தில் உயிரின் குறி மெய்க்கு இருபுறமும் நிற்கிறது. ககரம் ஒன்றே சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வல்லோசையும் மெல்லோசையும் பெறுகிறது. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், மூவகை நகரங்களும் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதன்மேல் புணர்ச்சியால் நீளும் சொற்கள். தோட்டத்துப் பிள்ளை இதனோடு மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் உரோமன் எழுத்தையும் கற்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் நல்ல பொருத்தம் உள்ள மலாயில் அசை கூட்டித் தப்பிவிடும் பிள்ளை, ஆங்கிலத்தில் சிக்கிக்கொள்ளும். கல்லூரிக்குப் போகும்போது பாடநூலில் பெரும்பகுதி ஆங்கிலமாகிறது. பள்ளியில் மறைந்திருந்த இடர் அங்கே முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு. பதினெட்டு வயதில் திடீரென்று நோய் வந்ததா என்று கேட்கும் விரிவுரையாளர் இதைக் கருதிப் பார்க்கவேண்டும். கொடுக்கும் குறிப்பில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விட்டு, நீண்ட தொடர்களைச் சந்தி பிரித்து அச்சிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

தரம் என்னாவது என்னும் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்லவேண்டும். முன்னர்க் கூறிய பாஸ்டன் வழக்கிலேயே அதற்கு ஒரு நெறி கிடைக்கிறது. அயல்மொழிப் பாடத்துக்கு மாற்றாக வேறு பாடம் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்று மாணாக்கர் கேட்டிருந்தனர். நீதிபதி உடனே அதை வழங்கிவிடவில்லை. அப்பாடம் பட்டத்துக்கு இன்றியமையாததா என்று பல்கலைக்கழகம் காரணங்காட்டி ஆராயவேண்டும் என்றார். பேராசிரியர் குழு ஆராய்ந்து, இன்றியமையாதது என்று முடிவு செய்தது. 1998இல் நீதிமன்றம் அதனை ஏற்றது. எது பாடத்தின் உயிர், எது வெறும் வழக்கம் என்று பிரித்தறிவதே அங்கே கேட்கப்பட்டது. புணர்ச்சி விதியை விளக்கும் அறிவைச் சோதிக்கும் தாளில் வேகமாகப் படிக்கும் ஆற்றல் உயிரன்று. அங்கே கூடுதல் நேரம் தருவதால் எவருடைய மதிப்பெண்ணும் களவு போகாது.

தமிழாசிரியராக வர விரும்பும் பயிற்சி மாணாக்கனின் எழுத்துப்பிழையை என்ன செய்வது? இங்கே நான் தளர்வு கோரவில்லை. கரும்பலகையில் பள்ளி என்பதைப் பல்லி என்று எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. நாற்பது பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். ஆனால் பிழையின்றி எழுதவேண்டும் என்பது ஒன்று. அகராதியோ சொற்றிருத்தியோ பாராமல் விரைந்து எழுதவேண்டும் என்பது மற்றொன்று. முன்னது ஆசிரியத் தொழிலின் உயிர்; பின்னது தேர்வு மண்டபத்தின் வழக்கம். பாடத்தை முன்னாளே எழுதி வைத்து, ஐயமுள்ள சொற்களை அகராதியில் சரிபார்த்து, மறுநாள் அதைப் பார்த்துப் பலகையில் எழுதும் இளைஞர் ஒருவர் நல்லாசிரியர் ஆகலாம். அகராதியைப் புரட்டும் ஆசிரியரை மாணாக்கர் மதியார் என்பாரும் உளர். எங்கள் பள்ளியில் அகராதி ஆசிரியர் மேசைமேல்தான் இருக்கிறது. பிழையே செய்யாத மூத்த ஆசிரியை ஒருவர்தாம் அதை மிகுதியாகப் புரட்டுகிறார்.